சக்கரங்களின்மேல் ஒரு வீடு

அக்டோபர் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில் உள்ள பிரைபர்க் நகரத்திலிருந்து ஒரு வேன் கிழக்கு நோக்கிப் புறப்படுகிறது. உள்ளே கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். நகரத்தைத் தாண்டியதும் இருபுறமும் பாறைச் சுவர்கள் நெருங்கி நிற்கும் ஒரு பள்ளத்தாக்கு வருகிறது. அதன் வழியே ஏறினால், கருங்காடு என்று பெயர்பெற்ற மலைத்தொடரை அடையலாம். கடல் மட்டத்திற்குமேல் சுமார் 280 மீட்டர் உயரத்தில் கிளம்பிய வண்டி, 850 மீட்டர் உயரத்தில் உள்ள டிட்டிசே ஏரிக்கரையில், முகாமிடுவதற்கென்றே ஒதுக்கிய இடத்தில் வந்து நிற்கிறது. பின் இருக்கையை மடித்தால் படுக்கை. கூரையை உயர்த்தினால் குழந்தைகளுக்கு மாடி. கதவருகே ஒரு சிறிய அடுப்பு. மறுநாள் காலையில் மரங்களில் தீட்டியுள்ள சிவப்புச் சாய்சதுரக் குறிகளைப் பின்பற்றி அவர்கள் காட்டுக்குள் நடப்பார்கள். ஞாயிறு மாலை வீடு திரும்புவார்கள்.

மேலைநாடுகளில் இது இன்று சாதாரணக் காட்சி. ஆயினும் இந்தச் சிறிய வண்டி உருவாவதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் பிடித்தன. சக்கரத்தின்மேல் ஒரு பெட்டியை ஏற்றிவைப்பதில் என்ன கடினம் இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். பெட்டியை ஏற்றுவது கடினமன்று. வீட்டில் இருக்கும்போது நாம் கணக்குப் பார்க்காமல் அனுபவிக்கும் மூன்று பொருள்களுக்கு வழியில் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. முதலாவது எடை, இரண்டாவது நேரம், மூன்றாவது காற்று. இந்த வண்டியின் வரலாறு முழுவதும் இம்மூன்று கணக்குகளின் வரலாறே. மூன்றாவது கணக்கில் பிழை செய்தவர்கள் சிலர் உயிரையே இழந்திருக்கிறார்கள்.

குதிரைகள் இழுத்த மாளிகை

வண்டியையே வீடாகக் கொண்டு வாழ்ந்தவர்கள் ஐரோப்பாவில் முன்பே இருந்தார்கள். ரோமா மக்களும், ஊர் ஊராகச் சென்று வித்தை காட்டியவர்களும் அவ்வாறு வாழ்ந்தனர். அவர்களுக்கு அது பிழைப்பு. வசதியான வீடு இருந்தும், இன்பத்திற்காக மட்டுமே வண்டி வீடு கட்டிக்கொண்டவர் என்று வரலாற்றில் முதலில் குறிக்கப்படுபவர் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ். ஸ்காட்லாந்தில் பிறந்த இவர் பிரிட்டிஷ் கடற்படையில் மருத்துவராகப் பணியாற்றி, பின்னர் சிறுவர்களுக்கான சாகசக் கதைகள் எழுதிப் புகழ் பெற்றவர்.

1885-ஆம் ஆண்டு பிரிஸ்டல் நகரத்து வண்டித் தொழிற்சாலை ஒன்று இவருக்காக ஒரு வண்டியைச் செய்து கொடுத்தது. நீளம் 18 அடி. மகோகனி மரத்தால் இழைத்த சுவர்கள். உள்ளே வரவேற்பறை, சமையலறை, புத்தக அலமாரி, எண்ணெய் அடுப்பு. எடை ஏறத்தாழ 2 டன். இதற்கு ‘வாண்டரர்’, அதாவது ‘அலைந்து திரிபவன்’ என்று பெயரிட்டார். கடற்படையில் பழகியவர் அல்லவா! தம் வண்டியைத் ‘தரைக் கப்பல்’ என்றே அழைத்தார். தெற்கு இங்கிலாந்தில் ட்வைபோர்டு என்ற ஊரிலிருந்து வடக்கு ஸ்காட்லாந்தில் இன்வர்னெஸ் வரை அதில் பயணம் செய்து, அடுத்த ஆண்டே அனுபவத்தை நூலாக வெளியிட்டார். வண்டியோட்டி ஒருவர், பணியாள் ஒருவர், ஒரு நாய், ஒரு கிளி ஆகியோர் உடன் சென்றார்கள். பணியாள் முச்சக்கர மிதிவண்டியில் முன்னால் போய், குறுகிய சாலையில் எதிரே வருவோரை எச்சரிப்பார்.

இனி, நாம் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டியின் பொருண்மையை 2,000 கிலோகிராம் என்று கொள்ளுங்கள். சாலை பத்துக்கு ஒன்று என்ற சரிவில், அதாவது 10 மீட்டர் முன்னே சென்றால் 1 மீட்டர் உயரும் வகையில், ஏறுகிறது. சக்கர உராய்வை விட்டுவிடுவோம். சரிவின் வழியே வண்டியைக் கீழே இழுக்கும் விசை ஏறத்தாழ 2,000 நியூட்டன். இரண்டு குதிரைகள் களைப்பின்றித் தொடர்ந்து தரக்கூடிய திறன் இரண்டு குதிரைத்திறன், அதாவது சுமார் 1,500 வாட். திறனை விசையால் வகுத்தால் வேகம் கிடைக்கும்: வினாடிக்கு முக்கால் மீட்டர். மணிக்கு மூன்று கிலோமீட்டர்கூட இல்லை! மூச்சைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் குதிரைகள் இதைவிடக் கூடுதலாக இழுக்கும் என்பது உண்மைதான். ஆனால் நெடுந்தூரத்திற்கு அது ஆகாது. சாலையோரம் நடந்துபோகும் ஒருவர் அந்த மாளிகையை எளிதில் முந்திச் சென்றிருப்பார்.

ஸ்டேபிள்ஸுக்கு இதனால் குறையொன்றும் இல்லை. வாரக்கணக்கில் ஓய்வு உள்ளவர் மெதுவாகப் போகலாம். அவரைப் பார்த்து ஆசைப்பட்டவர்கள் சேர்ந்து 1907-இல் பிரிட்டனில் ஒரு வண்டி வீட்டுச் சங்கம் தொடங்கினார்கள். அவர் அதன் துணைத் தலைவர்களுள் ஒருவரானார். அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது. ‘வாண்டரர்’ வண்டியும் அழியாமல் பாதுகாக்கப்படுகிறது. ஆனால் குதிரைகளும் ஆட்களும் ஓய்வும் உள்ளவர்களுக்கு மட்டுமே அந்த இன்பம் கிட்டியது.

தையற்காரரின் கூடாரமும் பிரைமஸ் அடுப்பும்

எடைக் கணக்கை நேர் எதிர்த் திசையிலிருந்து அணுகியவர் தாமஸ் ஹைரம் ஹோல்டிங். இவர் லண்டனில் தையல் தொழில் செய்தவர். சிறுவனாக இருந்தபோது, 1853-இல், பெற்றோருடன் அமெரிக்கப் புல்வெளிகளை மாட்டு வண்டித் தொடரில் கடந்தவர். திறந்தவெளியில் உறங்கிய அந்த அனுபவம் அவரை விட்டு நீங்கவில்லை. பின்னாளில் மிதிவண்டியிலேயே கூடாரத்தைக் கட்டிக்கொண்டு போக முடியுமா என்று முயன்றார். துணியின் எடையையும் தையலின் வலுவையும் அறிந்த தொழிலாளி ஆகையால், மெல்லிய பட்டுத் துணியால் கூடாரங்கள் தைத்தார். கழிகளைத் துண்டு துண்டாகக் கழற்றி மாட்டும்படி செய்தார். 1897-இல் நண்பர்களுடன் அயர்லாந்தில் மிதிவண்டிப் பயணம் செய்து, அதைப் பற்றி நூல் எழுதினார். 1901-இல் மிதிவண்டி முகாமாளர் சங்கத்தை நிறுவினார்.

இவ்வாறு கூடாரம் இளைத்தது. உணவு சமைப்பதற்கு வழி என்ன? விறகு எங்கும் கிடைக்காது. கிடைத்தாலும் ஈரமாக இருக்கும். இங்கே நமக்கு நன்கு பழக்கமான ஒரு பொருள் வரலாற்றில் நுழைகிறது. 1892-ஆம் ஆண்டு ஸ்வீடன் நாட்டில், ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த பிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்குவிஸ்ட் என்பவர், புகையில்லாமல் எரியும் மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்றை உருவாக்கினார். ‘பிரைமஸ்’ என்பது அதன் வணிகப் பெயர். ஆம், நம் பாட்டிமார் சமையலறையில் ‘புஸ்’ என்று இரைந்த அதே பம்பு ஸ்டவ்தான்! சாதாரணத் திரி விளக்கில் எண்ணெய் அரைகுறையாக எரிந்து கரி படிகிறது. இந்த அடுப்பில் பம்பின் அழுத்தத்தால் மேலேறும் எண்ணெய், சூடான குழாயில் ஆவியாகி, நிப்பிளின் நுண்துளை வழியே பீறிட்டு, காற்றுடன் கலந்து நீலச் சுடராக எரிகிறது. சிறிதளவு எண்ணெயில் மிகுந்த வெப்பம். 1911-இல் தென்துருவத்தை முதன்முதலில் அடைந்த அமுண்ட்சென் குழுவினர் எடுத்துச் சென்றதும் இந்த அடுப்பையே. வீட்டு அடுப்பங்கரை முழுவதும் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிட்டது எனலாம்.

எடிசனும் போர்டும் கூடாரமடித்த கதை

மோட்டார் வாகனம் வந்தபின் எடையைப் பற்றிய கவலை குறைந்தது. அமெரிக்காவில் ஹென்றி போர்டு 1908-இல் வெளியிட்ட ‘மாடல் டி’ கார் 20 குதிரைத்திறன் உடையது. அதாவது ஸ்டேபிள்ஸின் குதிரைகளைப்போல் பத்து மடங்கு. 1927 வரை ஒன்றரைக் கோடி ‘மாடல் டி’ வண்டிகள் செய்யப்பட்டன. 850 டாலரில் தொடங்கிய விலை, ஒரு காலத்தில் 300 டாலருக்கும் கீழே இறங்கியது.

அந்தக் கார்களைச் செய்த போர்டே முகாம் வாழ்க்கையின் பெரிய விளம்பரக்காரராகவும் ஆனார். அவரும், கண்டுபிடிப்பாளர் எடிசனும், டயர் உற்பத்தியாளர் பயர்ஸ்டோனும், இயற்கை எழுத்தாளர் ஜான் பரோஸும் கூடி 1910-களின் நடுவிலிருந்து 1924 வரை ஏறத்தாழ ஆண்டுதோறும் முகாம் பயணம் சென்றனர். தங்களை ‘நாடோடிகள்’ என்று அழைத்துக்கொண்டனர். பரோஸ் 1921-இல் காலமானபிறகும் மற்றவர்கள் வழக்கத்தை விடவில்லை. அப்பலாச்சியன் மலைகளிலும் அடிராண்டாக் மலைகளிலும் கூடாரம் அடித்தார்கள். எடிசனின் சேமக்கலங்களிலிருந்து மின்சாரம் பெற்றுக் கூடாரங்களில் விளக்குகள் எரிந்தன. 1921 ஜூலையில் ஒரு வார இறுதியில், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஹார்டிங்கே மேரிலாந்தில் அவர்கள் முகாமில் வந்து தங்கினார்.

இவ்வளவும் உண்மை. ஆனால் அந்த ‘நாடோடி’களின் பின்னால் சமையல் லாரி ஒன்று வந்தது, சமையற்காரர்களும் பணியாளர்களும் வந்தார்கள், செய்தியாளர்களும் படம் பிடிப்பவர்களும் தொடர்ந்தார்கள். எடையைக் குறைக்கவில்லை, அதைச் சுமக்கப் பல வண்டிகளை அமர்த்திக்கொண்டார்கள். செல்வர்கள் செய்வதைச் செய்தித்தாளில் படித்த சாதாரணக் குடும்பங்கள், தங்கள் ஒரே காரின் பக்கத்தில் துணியைக் கட்டிக்கொண்டு தாமும் புறப்பட்டன. அவர்களுக்கு வண்டி கிடைத்துவிட்டது. ஆனால் புறப்படுவதற்கு நாள் எங்கே?

சனிக்கிழமை யாருக்குச் சொந்தம்?

வார இறுதி என்பது இயற்கை தந்தது அன்று. நாளைத் தருவது பூமியின் சுழற்சி. ஆண்டைத் தருவது அது சூரியனைச் சுற்றும் ஓட்டம். இரண்டு நாள் ஓய்வைத் தருவதற்கு வானத்தில் எந்தக் கோளும் இல்லை. மனிதர்கள் போராடியும் பேரம் பேசியும் பெற்றது அது.

பிரிட்டனில் 1850-ஆம் ஆண்டுச் சட்டம், நெசவாலைகளில் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணியோடு வேலை முடிய வேண்டும் என்று விதித்தது. 1871-இல் வங்கி விடுமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் சர் ஜான் லுபக். எறும்புகளின் வாழ்க்கையை ஆராய்ந்த அறிவியலாளரும் இவரே. அமெரிக்காவில் போர்டு 1926-இல் தம் தொழிற்சாலைகளில் வாரத்திற்கு ஐந்து நாள், நாற்பது மணி நேர வேலை என்று அறிவித்தார். கருணை மட்டும் இதற்குக் காரணமன்று. ஓய்வு இல்லாத தொழிலாளி கார் வாங்கி என்ன செய்வான் என்பதை அவர் வெளிப்படையாகவே எடுத்துரைத்தார். மேற்கு ஜெர்மனியில் 1950-களின் நடுவில் தொழிற்சங்கங்கள் ஐந்து நாள் வேலைக்காகப் பெரும் இயக்கம் நடத்தின. சனிக்கிழமைகளில் அப்பா தனக்கே வேண்டும் என்று ஒரு சிறுவன் கேட்பதுபோல் அமைந்த சுவரொட்டி நாடெங்கும் ஒட்டப்பட்டது.

ஸ்டேபிள்ஸின் பயணத்திற்கு வாரக்கணக்கில் நாள் வேண்டும். இரண்டே நாள் கையில் உள்ள தொழிலாளியோ வெள்ளிக்கிழமை மாலை கிளம்பி அன்றிரவே மலையை அடைந்தாக வேண்டும். அதுமட்டுமன்று, திங்கட்கிழமை காலையில் அதே வண்டி வேலைக்கும் போக வேண்டும். இன்பத்திற்கென்று தனி வண்டி வைத்துக்கொள்ள அவரால் இயலாது. இந்த இரண்டு தேவைகளுக்கும் ஒருசேர விடையளித்த வண்டி, போரில் நொறுங்கிய ஒரு நாட்டில் பிறந்தது.

பலகை வண்டி தந்த யோசனை

இரண்டாம் உலகப் போருக்குப்பின் ஜெர்மனியின் வோல்ப்ஸ்பர்க் நகரிலிருந்த வோக்ஸ்வாகன் தொழிற்சாலை பிரிட்டிஷ் ராணுவத்தின் பொறுப்பில் இருந்தது. மேஜர் ஐவன் ஹர்ஸ்ட் அதை நடத்தினார். தொழிற்சாலைக்குள் கனமான உறுப்புகளை இடம் மாற்ற வசதியில்லாததால், கார் அடிச்சட்டத்தின்மேல் ஒரு பலகையைப் பொருத்தி, பின்புறம் ஓட்டுநர் அமரும்படி ஒரு வண்டியைச் செய்து ஓட்டினார்கள். ஹாலந்து நாட்டுக் கார் இறக்குமதியாளர் பென் பொன் அதைக் கண்டார். 1947 ஏப்ரல் 23 அன்று தம் குறிப்பேட்டில் ஒரு படம் வரைந்தார். ரொட்டித் துண்டைப் போன்ற ஒரு பெட்டி; முன்னால் ஓட்டுநர்; பின்னால் எஞ்சின்; இடையில் முழுவதும் சரக்கு. அந்தக் குறிப்பேட்டுத் தாள் இன்று ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் உள்ளது.

1950 மார்ச்சில் உற்பத்தி தொடங்கியது. முதல் மாதிரிப் பெட்டியின் முகம் தட்டையாக இருந்ததால் காற்று அதை வெகுவாகத் தடுத்தது. பிரான்ஷ்வைக் தொழில்நுட்பக் கல்லூரியின் காற்றுச் சுரங்கத்தில் சோதித்து, முகத்தை வளைத்தார்கள். காற்றுத் தடைக் கெழு 0.75-லிருந்து 0.44-ஆகக் குறைந்தது. எஞ்சினின் திறன் 25 குதிரைத்திறன், அதாவது 18 கிலோவாட். ரேடியேட்டரும் தண்ணீரும் இல்லாமல், விசிறி வீசும் காற்றாலேயே எஞ்சின் குளிர்ந்தது. ஆகவே உறைபனி இரவில் எஞ்சினுக்குள் நீர் உறைந்து வெடிக்கும் என்ற அச்சம் இல்லை. மலையில் இரவு தங்குவோருக்கு இது பெரிய வசதி.

நம் பழைய கணக்கை மீண்டும் போடுவோம். சுமையுடன் 1,500 கிலோகிராம் உள்ள வண்டி, அதே பத்துக்கு ஒன்று சரிவில், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறது. தேவையான திறன் சுமார் 12 கிலோவாட். உராய்வுக்கும் காற்றுத் தடைக்கும் சிறிது சேர்த்தாலும் 18-க்குள் அடங்கிவிடும். வேகமான வண்டி என்று இதைச் சொல்ல முடியாது. ஆனாலும் ஸ்டேபிள்ஸைப்போல் பத்து மடங்கு விரைவு! வாரங்களை மணிகளாகச் சுருக்கியது இந்தப் பத்து மடங்குதான்.

1951-இல் வெஸ்ட்பாலியா என்ற வண்டிக்கூடு செய்யும் நிறுவனம் ஒரு மரப்பெட்டித் தொகுதியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இருக்கை, படுக்கை, அலமாரி எல்லாம் அதில் அடக்கம். இதன் சிறப்பு என்ன தெரியுமா? தேவையானபோது மாட்டலாம், தேவையில்லாதபோது கழற்றி வைக்கலாம். வார நாள்களில் வேன் சரக்கு ஏற்றும். வெள்ளிக்கிழமை மாலை பெட்டியை ஏற்றிவிட்டால் வீடாகிவிடும். எடைக் கணக்கும் நேரக் கணக்கும் இங்கே ஒன்றாகத் தீர்ந்தன. பின்னர் உயர்த்தும் கூரை வந்தது. எரிவாயு அடுப்பு வந்தது. வண்டி உலகெங்கும் பரவியது. பிரேசிலில் இந்த வேனின் பழைய வடிவம் 2013 வரை உற்பத்தியானது. 2022-இல் மின்கலத்தால் ஓடும் புதிய வடிவம் வெளிவந்தது.

ஏன் இலையுதிர் காலம்?

முகாம் என்றால் கோடைதானே என்று நினைப்போம். கருங்காட்டில் நடப்பதை விரும்புவோர் பலர் இலையுதிர் காலத்திற்காகக் காத்திருப்பார்கள். 1900-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட ‘மேற்குப் பாதை’ என்ற நடைபாதை அம்மலைத்தொடரின் நெடுகே, பிபோர்ட்ஸ்ஹைம் நகரிலிருந்து பாசல் வரை, ஏறத்தாழ 285 கிலோமீட்டர் செல்கிறது. நாம் தொடக்கத்தில் கண்ட சிவப்புச் சாய்சதுரமே அதன் அடையாளம்.

பகல் குறுகக் குறுக, மரங்கள் இலைகளிலுள்ள பச்சையத்தைச் சிதைத்து அதன் சத்தை உள்வாங்கிக்கொள்கின்றன. பச்சை நீங்கியதும், அதுவரை மறைந்திருந்த மஞ்சள் நிறமிகள் தெரிகின்றன. பீச் மரங்கள் பொன்னிறமாகின்றன. வேறு சில மரங்கள் அப்போதுதான் புதிதாகச் சிவப்பு நிறமியை உண்டாக்குகின்றன.

வானமும் ஒரு விந்தை செய்கிறது. பொதுவாக ஒரு கிலோமீட்டர் உயரம் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். ஆனால் தெளிவான, காற்றடிக்காத நீண்ட இரவுகளில் தரை தன் வெப்பத்தை வானுக்குக் கதிர்வீசி இழக்கிறது. அதைத் தொட்ட காற்று குளிர்ந்து, கனத்து, நீர்போல் பள்ளத்தாக்குகளில் வழிந்து தேங்குகிறது. கீழே குளிர், மேலே வெப்பம் என்று நிலை தலைகீழாகிறது. காலையில் ரைன் நதிச் சமவெளி மூடுபனியில் மூழ்கிக் கிடக்க, 1,493 மீட்டர் உயரமுள்ள பெல்ட்பெர்க் சிகரத்தில் நிற்பவர் இளவெயிலில் ஆல்ப்ஸ் மலைகளையே காண்பார். ஏரிக்கரையிலிருந்து நடந்து ஏறியவர்களுக்குக் கிடைக்கும் பரிசு அது.

ஆனால் அந்தப் பரிசைத் தருகிற அதே தெளிந்த இரவு, ஏரிக்கரை வேனுக்குள் படுத்திருப்பவர்களுக்குக் கடும் குளிரையும் தருகிறது. குளிர்ந்தால் நாம் என்ன செய்வோம்? ஜன்னலைச் சாத்துவோம், அடுப்பை மூட்டுவோம். மூன்றாவது கணக்கு இங்கேதான் தொடங்குகிறது.

மூடிய பெட்டிக்குள் மூச்சு

இத்தகைய வேனின் உட்புறம் சுமார் 5 கன மீட்டர். 10 டிகிரி வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 9.4 கிராம் நீராவியைத்தான் தாங்கும். ஆகவே வேனில் உள்ள காற்று முழுவதும் தாங்கக்கூடியது 47 கிராம். உறங்கும் ஒருவர் மூச்சின் வழியும் தோலின் வழியும் ஓரிரவில் வெளிவிடும் நீரோ ஏறத்தாழ கால் லிட்டர். இருவர் என்றால் அரை லிட்டர், அதாவது 500 கிராம். மிச்சம் எங்கே போகும்? குளிர்ந்த இரும்புச் சுவரிலும் கண்ணாடியிலும் முத்து முத்தாய்ப் படியும். விடியற்காலையில் போர்வை ஈரமாவதற்கு மழை காரணமன்று. அவர்கள் விட்ட மூச்சே காரணம். அடுப்பு எரிந்தால் நிலைமை இன்னும் மோசம். ஒரு கிலோ மண்ணெண்ணெய் எரிந்தால் ஒரு கிலோவுக்கும் மேற்பட்ட நீர் உண்டாகிறது.

ஈரம் தொல்லை மட்டுமே தரும். உயிரைப் பறிப்பது வேறு. காற்று போதாமல் எரியும் எந்த நெருப்பும் கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவை உமிழ்கிறது. நிறமில்லை, மணமில்லை. நம் குருதியிலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பற்றுவதைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்புடன் இவ்வாயுவைப் பற்றிக்கொள்கிறது. ஆகவே காற்றில் சிறிதளவு கலந்தாலும் குருதி மெல்ல மெல்ல ஆக்சிஜனை ஏற்றிச் செல்லும் ஆற்றலை இழக்கிறது. பிரிட்டிஷ் உடலியலறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன் 1890-களில் இந்த வாயுவைத் தாமே சுவாசித்து அதன் விளைவுகளைக் குறித்துவைத்தார். சுரங்கங்களில் எச்சரிக்கைக்காகச் சிறு உயிர்களைக் கொண்டுசெல்லும் யோசனையைத் தந்தவரும் அவரே. சிற்றுயிர்கள் மனிதரைவிட விரைவாக மூச்சு வாங்குவதால் முதலில் மயங்கி விழும்.

அறிந்தவர்களையும் இது ஏமாற்றும் என்பதற்கு அமெரிக்கக் கடற்படைத் தளபதி ரிச்சர்ட் பேர்டு சான்று. 1934-ஆம் ஆண்டு அண்டார்க்டிகாவில், வானிலையைக் குறிப்பதற்காக, பனிக்குள் புதைந்த ஒரு சிறு குடிலில் குளிர்காலம் முழுவதும் தனியே தங்கினார். துருவப் பயணங்களில் தேர்ந்தவர். ஆயினும் எண்ணெய் அடுப்பின் புகைக்குழாய் சரியாகப் பொருந்தவில்லை. வானொலிக்கு மின்சாரம் தந்த பெட்ரோல் எஞ்சினின் புகையும் சேர்ந்தது. மே மாத இறுதியில் மயங்கி விழுந்தார். பிழைத்தெழுந்தவர், தம்மைக் காப்பாற்றுவதற்காக இருளிலும் பனிப்புயலிலும் எவரும் உயிரைப் பணயம் வைக்கக் கூடாது என்று நோயை மறைத்தார். அடுப்பை எரித்தால் நஞ்சு, அணைத்தால் உறைபனி. இரண்டுக்கும் நடுவே வாரக்கணக்கில் ஊசலாடினார். அவர் அனுப்பிய வானொலிச் செய்திகள் தாறுமாறாக இருந்ததைக் கண்டு தலைமை முகாமில் இருந்தவர்கள் ஐயுற்றனர். ஆகஸ்டு மாதம் மூவர் சென்று அவரை மீட்டனர்.

துருவத்தில் நடந்தது நமக்கெதற்கு என்று எண்ண வேண்டாம். நம் நாட்டு மலை ஊர்களிலும், குளிருக்கு அஞ்சிக் கரி அடுப்பை அறைக்குள்ளோ கூடாரத்திற்குள்ளோ வைத்து உறங்கியவர்கள் காலையில் எழாமற்போன செய்திகள் வந்ததுண்டு. சுடர் அடங்கிய கரி பாதுகாப்பானது என்பது பலருடைய நம்பிக்கை. உண்மை அதற்கு நேர்மாறானது. புகையில்லாமல் கனன்றுகொண்டிருக்கும் தணலே இவ்வாயுவை மிகுதியாக வெளியிடும். தலைவலியும் உறக்கமுமே அதன் அறிகுறிகள். நாள் முழுவதும் மலையேறி வந்தவருக்கு இவ்விரண்டும் இயல்பாகவே தோன்றும். ஆகையால் ஐயப்படவே மாட்டார்.

ஜன்னலின் இடைவெளி

மேற்கூறிய வரலாற்றை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எடைக் கணக்கைத் தையற்காரரும் அடுப்புச் செய்தவரும் எஞ்சின் செய்தவர்களும் தீர்த்து வைத்தார்கள். நேரக் கணக்கைத் தொழிலாளர்களும் சட்டமியற்றியவர்களும் தீர்த்து வைத்தார்கள். இவ்விரண்டும் முடிந்த கணக்குகள். நாம் அவற்றின் பயனை அனுபவித்தால் போதும். காற்றுக் கணக்கு மட்டும் அப்படியன்று. ஒவ்வோர் இரவும், ஒவ்வொரு வண்டியிலும், படுக்கப்போகுமுன் ஒருவர் அதைப் புதிதாகத் தீர்க்க வேண்டும். இவ்வாயுவை உணர்ந்து ஒலி எழுப்பும் சிறு கருவிகள் இன்று விற்பனையில் உள்ளன. அவை நல்ல துணை. ஆனால் துணைதான்.

டிட்டிசே ஏரிக்கரைக்கு நாம் திரும்புவோம். இரவுணவு முடிந்தது. குழந்தைகள் மாடியில் உறங்கிவிட்டார்கள். வெளியே தெளிந்த வானம். புல்லின்மேல் பனி படியத் தொடங்குகிறது. தாய் அடுப்பை அணைத்து, அணைந்ததா என்று ஒருமுறை தொட்டுப் பார்க்கிறார். தந்தை எல்லாருக்கும் இன்னொரு கம்பளியைப் போர்த்துகிறார். பிறகு, அத்தனை குளிரிலும், ஜன்னலை இரண்டு விரற்கடை திறந்து வைத்துவிட்டுப் படுக்கிறார். அந்த இடைவெளி வழியே சிறிது குளிர் உள்ளே வரும். வரட்டும், மலைக்குப் போகும் நாளில் நீங்களும் அதை அடைத்துவிடாதீர்கள்.